கெடு நமக்கு மட்டும்தானா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். எங்கள் பக்கத்துக் காலனியைச் சேர்ந்த ஓர் ஆயாவோடு போயிருந்தேன். அவருக்கு முதியோர் உதவித்தொகைக்கான ஆணை வந்திருந்தது. சந்தோஷமான நாள்தான். ஆனால் ஆயா ஒரு கேள்வியை மடியில் முடிந்துகொண்டு வந்திருந்தார்.

"மொதமொத மனு குடுத்ததுலேந்து கணக்குப் போட்டுக் குடுப்பீங்களா சார்?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஆர்டர் போட்ட மாசத்துலேந்துதாம்மா வரும். பழசெல்லாம் கெடையாது. அப்பவே வந்திருக்கணும்."

"அப்பவே வந்தேனே சார்."

"வந்ததுக்கு ஆதாரம் எதனா இருக்கா?"

ஆதாரம் இல்லை. ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஜமாபந்தியில் யாரோ எழுதிக் கொடுத்த வெள்ளைத்தாள் மனுவைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ரசீது வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் மறுபடி போனார். "உனக்குத்தான் பையன் இருக்கானே" என்று திருப்பி அனுப்பினார்கள். பையன் திருப்பூரில் இருக்கிறார், பணம் அனுப்புவதில்லை என்பதை எந்தத் தாளில் எழுதிக் காட்டுவது? மூன்றாவது முறை, ரேஷன் கார்டில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது என்று நிறுத்தி வைத்தார்கள். ஐந்து வருடம் போனது. அறுபது மாதம். மாதம் 1,000 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 60,000 ரூபாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆயா என்னிடம் சொன்னது இதுதான்: "போவுது வுடு கண்ணு. நம்ம காசா அது?"

அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. அது நம்ம காசுதான் ஆயா.

ஓய்வூதியம் என்பார்கள், உதவி என்பார்கள்

தோழர்கள் முதலில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். அரசு ஊழியருக்குக் கிடைப்பதன் பெயர் ஓய்வூதியம். அதில் 'ஊதியம்' இருக்கிறது. உழைத்ததற்கான கூலி, தள்ளிவைத்துத் தரப்படுகிறது என்று பொருள். நாற்பது வருடம் நாற்று நட்டு, களை எடுத்து, அறுப்பறுத்த ஆயாவுக்குக் கிடைப்பதன் பெயர் உதவித்தொகை. அதில் ஊதியம் இல்லை. கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்று சொல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அரசு ஊழியர்களுக்கும் இது ஒருநாளில் கிடைத்துவிடவில்லை. ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கித் தரும் கொடையல்ல, அது உரிமை என்று உச்சநீதிமன்றம் 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொன்னது. பிறகு 1982 டிசம்பர் 17 அன்று டி.எஸ். நகாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை இன்னும் அழுத்திச் சொன்னது. அந்த வழக்கே ஒரு தேதியைப் பற்றியதுதான். 1979 மார்ச் 31க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் கூடுதல் பலன், அதற்கு முன்பு ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்று ஒன்றிய அரசு கோடு போட்டது. ஒரே வேலையைச் செய்தவர்களை ஒரு தேதியை வைத்து இரண்டாகப் பிரிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று நீதிமன்றம் அந்தக் கோட்டை அழித்தது. இன்றும் டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நல்லது. ஆனால் அந்தத் தீர்ப்பின் வெளிச்சம் தாலுகா ஆபீஸ் வாசல்வரைக்கும்தான் வந்திருக்கிறது. வாசலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கும் கூலிக்காரருக்கு இன்னும் அது 'உதவி'தான். உதவி என்றால் கணக்குக் கேட்க முடியாது. நிலுவை கேட்க முடியாது. கொடுத்தபோது வாங்கிக்கொள்ள வேண்டும்.

அரசமைப்புச் சட்டம் இப்படிச் சொல்லவில்லை. முதுமையிலும் நோயிலும் வேலையின்மையிலும் அரசின் உதவியைப் பெறும் உரிமையை 41ஆம் பிரிவு பேசுகிறது. உரிமை என்ற சொல் அங்கே இருக்கிறது. அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற வரம்பும் கூடவே இருக்கிறது. வழிகாட்டு நெறி என்பதால் அதை நேரடியாக நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இந்தக் குறையை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். இவற்றை மீறுகிறவர்கள் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிராமல் போகலாம், தேர்தலில் மக்களுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். அந்தப் பதிலை நாம் கேட்டிருக்கிறோமா என்பதுதான் நம் பக்கத்துக் கேள்வி.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. ஒன்றிய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. மாநிலத்தில் 2011இல் 1,000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய். 2007இலும் 200, 2023இலும் 200. பதினாறு வருடத்தில் டீ விலை எங்கே போனது என்று யோசித்துக்கொள்ளுங்கள். தொகையே இவ்வளவுதான் என்னும்போது, அதிலும் பாதி வருடங்களைக் கெடு என்று சொல்லிக் கழித்துக்கொண்டால் என்ன மிஞ்சும்?

எழுதாத கெடு

முதியோர் உதவித்தொகைக்குக் கடைசித் தேதி என்று எதுவும் இல்லை. அறுபதிலும் மனுப் போடலாம், எண்பதிலும் போடலாம். கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் பணம் ஆணை பிறந்த மாதத்திலிருந்துதான். அறுபது நிறைந்த நாளிலிருந்து அல்ல, மனுக் கொடுத்த நாளிலிருந்தும் அல்ல. அப்படியானால் கெடு ஒவ்வொரு மாதமும் முடிந்துகொண்டே இருக்கிறது என்றுதான் அர்த்தம். இந்த மாதம் ஆணை வரவில்லையா, இந்த மாதப் பணம் போனது. கிராம நிர்வாக அலுவலர் விடுப்பில் இருந்தாலும், ஆர்.ஐ. மாற்றலாகிப் போனாலும், தேர்தல் வேலை வந்தாலும், ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று கோப்பு தூங்கினாலும், இழப்பு மனுக் கொடுத்தவருக்குத்தான். தாமதித்தவருக்கு ஒன்றும் இல்லை.

இது சாதி பார்க்காத விதிதானே, எல்லா ஏழைகளுக்கும் ஒன்றுதானே என்று சிலர் கேட்பார்கள். விதி பார்க்காது. விதி போகும் பாதை பார்க்கும். வயதுக்கு ஆதாரம் வேண்டும். பள்ளிக்கூடம் போனவருக்குச் சான்றிதழ் இருக்கும். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்ட தலைமுறைக்கு எங்கே இருக்கும்? நம் தெருப் பெரியவர்களின் ஆதார் அட்டைகளை வாங்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு சனவரி 1 பிறந்தநாளாக இருக்கும். ஊரே ஒரே நாளில் பிறந்ததா? கணினியில் எதையாவது அடிக்க வேண்டுமே என்று அடித்தது. அந்த ஒரு தவறான எண் ஒருவரின் முதுமையை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட்டுவிடுகிறது. வி.ஏ.ஓ. ஆபீஸ் ஊர்த்தெருவில் இருக்கிறது. அங்கே போய் நிற்க, கேட்க, சத்தம் போட, மறுபடி போக ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு யாருக்கு எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஒருவர் இறந்துவிட்டால், இரண்டு அட்டையில் பெயர் இருந்தால், ஆதாரை வைத்துக் கண்டுபிடித்துப் பட்டியலிலிருந்து நீக்க அரசுக்குத் தெரிகிறது. அதே கணினி, அதே ஆதார். அறுபது நிறைந்தவர் யார், குடும்ப அட்டையில் தனியாக இருப்பவர் யார் என்று கண்டுபிடித்துச் சேர்க்க மட்டும் தெரியாதாம். நீக்குவதற்கு அரசு வீடு தேடி வரும். சேர்வதற்கு நாம் ஆபீஸ் தேடிப் போக வேண்டும்.

மூன்று வருடக் கோடு

சரி, நீதிமன்றம் போனால்? இங்கே இளம் தோழர்கள், குறிப்பாகச் சட்டம் படிப்பவர்கள், ஒரு தீர்ப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். யூனியன் ஆஃப் இந்தியா எதிர் தர்செம் சிங், 2008.

தர்செம் சிங் ராணுவ வீரர். மருத்துவக் காரணத்தால் 1983 நவம்பரில் பணியிலிருந்து அனுப்பப்பட்டார். ஊனமுற்றோர் ஓய்வூதியம் வேண்டுமென்று 1999இல்தான் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். பதினாறு வருடத் தாமதம். தனி நீதிபதி ஓய்வூதியம் உண்டு என்றார், ஆனால் நிலுவையை மனுவுக்கு முந்தைய 38 மாதங்களுக்கு மட்டும் என்றார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு முழு நிலுவையையும் தரச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து பழையபடி 38 மாதத்துக்கே கொண்டுவந்தது.

இந்தத் தீர்ப்பில் நமக்கு ஒரு கை கொடுக்கிறது, ஒரு கை எடுக்கிறது. கொடுப்பது: ஓய்வூதியம் தராமல் இருப்பது ஒருநாள் தவறல்ல, மாதாமாதம் தொடரும் தவறு. அதனால் எவ்வளவு தாமதமாக வந்தாலும் கதவை முழுதாக மூட முடியாது. எடுப்பது: பழைய நிலுவையைப் பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் பின்னோக்கித் தரமாட்டோம். ரிட் மனுவுக்குச் சட்டத்தில் எழுதப்பட்ட கால வரம்பு கிடையாது. ஆனாலும் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்திலிருக்கும் மூன்று ஆண்டுக் கணக்கை நீதிமன்றங்கள் இங்கே கடன் வாங்கிக்கொள்கின்றன.

நகராட்சியில், பேரூராட்சியில் துப்புரவுப் பணி செய்து இறந்தவரின் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டு வருகிறார் என்று வையுங்கள். பணிப்பதிவேடு காணோம், வாரிசுச் சான்று இல்லை, பெயரில் எழுத்து மாறியிருக்கிறது என்று எட்டு வருடம் அலைகிறார். பிறகு யாரோ வழக்குப் போடச் சொல்கிறார்கள். வெல்கிறார். கையில் வருவது மூன்று வருட நிலுவையாக இருக்கக்கூடும். மீதி ஐந்து வருடத்தை யார் வைத்துக்கொண்டார்கள்? பதிவேட்டைத் தொலைத்த அதே நிர்வாகம். தன் தவறால் தானே லாபம் அடைவது என்றால் இதுதான்.

கருணை அடிப்படையிலான வேலைக்கும் இப்படியொரு கோடு உண்டு. தமிழ்நாட்டில் ஊழியர் இறந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா இறந்தபோது பிள்ளைக்குப் பத்து வயது என்றால் என்ன செய்யும்? பதினெட்டு நிறைவதற்குள் கெடு முடிந்திருக்கும். அம்மாவுக்குக் கையெழுத்தைத் தவிர எதுவும் போடத் தெரியாது. இப்படி எத்தனையோ பிள்ளைகளின் வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்தின் படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கின்றன.

அரசுக்கு விதித்த கெடு

இப்போது எதிர்ப்பக்கம் வருவோம். அரசுக்கே கெடு விதித்த ஒரு சட்டம் நம்மிடம் இருக்கிறது. அது நம்முடைய சட்டம். பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. அதன் விதிகள் 1995இல் வந்தன. 2016 ஏப்ரல் 14 அன்று, அண்ணலின் பிறந்தநாளில், அவை திருத்தப்பட்டன.

அந்தத் திருத்தப்பட்ட விதிகளின் அட்டவணையைத் தோழர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். வன்கொடுமையில் ஒருவர் கொல்லப்பட்டால் நிவாரணம் 8,25,000 ரூபாய் என்பது பலருக்குத் தெரியும். பத்திரிகையில் அதுதான் வரும். கலெக்டர் காசோலை கொடுக்கும் படமும் வரும். அதற்குக் கீழே இருப்பது பலருக்குத் தெரியாது. இறந்தவரின் மனைவிக்கோ அவரைச் சார்ந்திருந்தவருக்கோ மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம், அதோடு அரசு ஊழியருக்கு உள்ளது போல அகவிலைப்படி. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. விவசாய நிலம், வீடு, தேவைப்பட்டால் விலைக்கு வாங்கியாவது. பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை முழுக் கல்விச் செலவு. மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம். இவற்றைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும். முதற்கட்ட நிவாரணத்துக்கு ஏழு நாள்.

கவனியுங்கள். இங்கே சொல் ஓய்வூதியம். உதவித்தொகை இல்லை. அகவிலைப்படியோடு கூடிய ஓய்வூதியம். கொலைக்கு ஈடு என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த வீட்டின் உழைப்பு பறிக்கப்பட்டது, அதற்கு அரசு பொறுப்பு என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதற்கு ஒரு கெடுவும் வைக்கிறது. ஏழு நாள், மூன்று மாதம்.

இந்தக் கெடு தவறினால்? இங்கேதான் நாம் நிற்க வேண்டும். தவறினால் தானாக நடப்பது எதுவும் இல்லை. வட்டி இல்லை. அபராதம் இல்லை. விதியின் ஆங்கில வாசகமே ஏற்பாடு செய்ய 'வேண்டும்' என்று கறாராகச் சொல்லாமல் ஏற்பாடு செய்ய'லாம்' என்று இளகி நிற்கிறது. வேலை தந்தாயிற்றே, பிறகு ஏன் ஓய்வூதியம் என்று கேட்பவர்கள் உண்டு. 2016 விதி 'மற்றும்' என்றுதான் சொல்கிறது, 'அல்லது' என்று சொல்லவில்லை. அதை எடுத்துக் காட்ட அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? கணவனைப் பறிகொடுத்த பெண், சாட்சி சொல்லக் கூடாது என்று மிரட்டப்படும் பெண், கூலி வேலையும் ஊர்க்காரர்களால் நிறுத்தப்பட்ட பெண், விதி 12இன் துணைவிதி 4ஐப் படித்துவிட்டு வருவாரா?

அந்த ஆணை இரண்டு வருடம் தாமதமாகி, ஆணைத் தேதியிலிருந்துதான் பணம் என்று எழுதிவிட்டால், அகவிலைப்படி சேர்க்காமலேயே 1,20,000 ரூபாய் போகிறது. அந்தப் பணம் இல்லாத இரண்டு வருடத்தில்தான் சமரசம் பேச ஆள் வருவார்கள். "கேஸை வாபஸ் வாங்கு, ஏதோ பார்த்துச் செய்றோம்" என்பார்கள். ஓய்வூதியம் மூன்றாம் மாதம் வந்திருந்தால் அந்தப் பெண் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியிருப்பார். தாமதம் வெறும் நிர்வாகக் கோளாறு அல்ல தோழர்களே. அது குற்றவாளியின் பக்கம் வேலை செய்கிறது. வழக்குகள் பிறழ்சாட்சியில் முடிவதைப் பற்றிப் பேசும்போது இந்த மாதக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கெடு இல்லாமலும் முடியும்

கால வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு நியாயம் உண்டு. நாளாக ஆக சாட்சி மறந்துபோகும், ஆவணம் அழிந்துபோகும், எதிராளி ஒரு வழக்கின் நிழலிலேயே காலம் முழுக்க இருக்க முடியாது. இரண்டு தனிமனிதருக்கு இடையிலான வரப்புத் தகராறுக்கு இது சரி. ஆனால் ஓய்வூதியத்தில் எதிராளி அரசு. ஆவணம் இருப்பது அரசிடம். பிறப்பு, இறப்பு, குடும்ப அட்டை, பணிப்பதிவேடு, முதல் தகவல் அறிக்கை, எல்லாம் அரசின் அலமாரியில். சாவியை வைத்திருப்பவரே "நீ ஏன் நேரத்துக்குத் திறக்கவில்லை" என்று கேட்பதில் என்ன நியாயம்?

மனமிருந்தால் கெடுவைத் தள்ளிவைக்க முடியும் என்பதற்குச் சாட்சி நம் போராட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்கி இறந்த எல்லோருடைய குடும்பங்களையும் அரசே கண்டுபிடித்துத் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும். இருபத்தோரு வருடம் பின்னோக்கி. யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது, கண்டுபிடிக்கும் பொறுப்பே அரசுடையது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அந்தத் தொகை 30 லட்சமானது. தீர்ப்பு முழுதாக நடைமுறைக்கு வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் "மூன்று வருடத்துக்கு மேல் பின்னால் போக முடியாது" என்பது இயற்கை விதி அல்ல என்று அது காட்டிவிட்டது.

பழைய தொழிலாளர் சட்டத்தில்கூட இந்த ஈரம் இருந்தது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் வேலையில் அடிபட்டவர், இறந்தவர் குடும்பம் இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்று இருந்தது. போதுமான காரணம் இருந்தால் பிறகும் ஏற்கலாம் என்றும் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்குத் தெரிந்தது நம் உதவித்தொகை நடைமுறைக்குத் தெரியவில்லை.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கர்நாடகத்தில் சகாலா என்ற சேவை உறுதிச் சட்டம் 2011இல் வந்தது. குறித்த நாளுக்குள் சேவை தராவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் வரை மனுதாரருக்குத் தர வேண்டும். கேரளத்தில் 2012இல் சேவை உரிமைச் சட்டம் வந்தது. தொகை சிறியதுதான். ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு, அந்த விலையைத் தாமதித்தவர் தர வேண்டும் என்பது பெரிய விஷயம்.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. ஒன்று, உதவித்தொகை ஆணை எப்போது வந்தாலும் பணம் மனுக் கொடுத்த தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். இரண்டு, வன்கொடுமை ஓய்வூதியம் நான்காவது மாதத்திலிருந்து தானாக நிலுவையாகச் சேர வேண்டும், வட்டியோடு. மூன்று, அரசின் பதிவேட்டுக் குளறுபடியால் தாமதமானால் மூன்று வருடக் கோடு பொருந்தாது என்று அரசே ஆணை போட வேண்டும். இதில் எதற்கும் புதிய புரட்சி தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

அதுவரை நம் கையில் இருப்பது

அரசாணை வரும்வரை நம் தெருவில் மாதங்கள் கழிந்துகொண்டுதான் இருக்கும். எனவே படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சில வேலைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

உங்கள் தெருவில் 58 வயதுக்கு மேற்பட்டவர்களின் பட்டியல் எடுங்கள். யார் யாருக்கு எந்த அட்டையில் எந்த வயது என்று எழுதுங்கள். முரண்பாடு இருந்தால் அறுபது வருவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். அறுபதுக்குப் பிறகு சரிசெய்யும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

வெறுங்கையில் எந்த மனுவும் கொடுக்கக் கூடாது. இ-சேவை மையத்தில் பதிவு எண் வாங்குங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தத் தேதிதான் நாளைக்கு நம் ஒரே சாட்சி.

"இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்பதை ஏற்காதீர்கள். ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் கிடையாது. மனு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பல கோப்புகள் எழுந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வன்கொடுமை வழக்கு என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவான நாளிலேயே நாட்காட்டியில் இரண்டு தேதிகளை வட்டமிடுங்கள். ஏழாவது நாள், மூன்றாவது மாதம். அந்தத் தேதி தாண்டினால் மறுநாளே மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. கடைசியாக எப்போது கூடியது, எந்தெந்த ஓய்வூதியம் நிலுவையில் என்று கேளுங்கள். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குத் தண்டனை உண்டு என்கிறது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு. அவர் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவராக இருக்க வேண்டும், துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. ஆனாலும் கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

வழக்குத் தேவையென்றால் பணத்துக்குப் பயந்து காத்திருக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கும். மூன்று வருடக் கோட்டை நினைவில் வையுங்கள். யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் பின்னாலிருந்து ஒரு மாதம் உதிர்கிறது.

ஆயாவின் 60,000 ரூபாய் திரும்பி வருமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு. முதல் மனுவுக்கு ரசீது இல்லை. ஆனாலும் மூன்றாவது மனுவுக்கு இ-சேவை எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்துத் தகவல் கேட்டு எழுதியிருக்கிறோம். அந்தத் தேதியிலிருந்தாவது தர வேண்டும் என்று ஆட்சியருக்கு மனுவும் கொடுத்திருக்கிறோம். இந்த முறை ஆயாவே கேட்டு நகலில் முத்திரை வாங்கினார். அதை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தபோது, பக்கத்தில் நின்ற இன்னொரு பாட்டியிடம் சொன்னார்:

"சீலு வாங்கிக்க. இல்லாங்காட்டி வந்தேன்னு சொன்னா நம்ப மாட்டாங்க."

ஜெய்பீம்.